கைப்பேசியின் மேலடுக்கும் இயங்குதளப் பதிப்பு உயர்வும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நெசவுக் கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்த செய்தியும், விளைபொருள் விற்ற தொகை வரவான செய்தியும், பணம் எடுப்பதற்கான ரகசியக் குறியெண்ணும் இன்று கைப்பேசி வழியாகவே நம்மை வந்தடைகின்றன. ஆகவே கைப்பேசியும் தறியைப் போன்றும் ஏரைப் போன்றும் ஒரு தொழிற்கருவி ஆகிவிட்டது. எக்கருவியை வாங்கினாலும், அது எத்துணைக் காலம் உழைக்கும் என்று முன்னதாக விசாரிப்பது நமது வழக்கம். ஆனால் கைப்பேசியை வாங்கும்போது மட்டும் திரையின் அகலத்தையும் படமெடுக்கும் திறனையும் கேட்டு அமைந்து விடுகிறோம். அதன் உள்ளிருக்கும் மென்பொருள் எத்தனை ஆண்டுகள் புதுப்பிக்கப்படும் என்று கேட்பவர் சிலரே.

கண்ணாடி உடையாமல், மின்கலம் தளராமல் இருக்கும்போதே ஒரு கைப்பேசி பயனற்றதாகி விடுவதுண்டு. இதற்குரிய காரணங்களுள் ஒன்று, தயாரிப்பாளர் இயங்குதளத்தின்மேல் தாமாகச் சேர்க்கும் மேலடுக்கு ஆகும். அது யாது, அதனால் நேரும் நன்மை தீமைகள் எவை, வாங்குவோர் கவனிக்க வேண்டியது என்ன என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பொதுத் தளமும் தனி அடுக்கும்

கைப்பேசியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நம்மவர் கைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஆண்ட்ராய்டு. இதனைத் தொடங்கிய சிறு நிறுவனத்தைக் கூகுள் 2005-இல் விலைக்கு வாங்கிற்று. ஆண்ட்ராய்டு பூண்ட முதற் கைப்பேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. இதன் மூலநிரல் எவரும் எடுத்தாளத்தக்க வகையில் வெளியிடப்படுகிறது. இதனால் தனியாக ஓர் இயங்குதளத்தை உண்டாக்கும் செலவின்றிப் பல நாட்டுத் தயாரிப்பாளர்களும் கைப்பேசித் தொழிலில் இறங்க முடிந்தது.

எல்லோரும் ஒரே தளத்தை எடுத்துக்கொண்டால், ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கினின்றும் வேறுபடுத்திக் காட்டுவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடையாகவே மேலடுக்கு தோன்றிற்று. திரையின் தோற்றம், சின்னங்களின் அமைப்பு, அறிவிப்புகள் வரும் முறை, படமெடுக்கும் செயலி, சொந்தக் கடை ஆகியவற்றைத் தயாரிப்பாளர் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கிறார். எச்.டி.சி. நிறுவனம் 2009-இல் ‘சென்ஸ்’ என்ற மேலடுக்கைக் கொணர்ந்தது. ஷாவ்மியின் ‘எம்.ஐ.யு.ஐ.’ 2010-இல் தோன்றியது. 2023-இல் அறிவிக்கப்பட்ட ‘ஹைப்பர் ஓ.எஸ்.’ பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. சாம்சங் நிறுவனத்தின் ‘டச்விஸ்’ பல மாறுதல்களுக்குப் பின், 2018 முதல் ‘ஒன் யு.ஐ.’ என வழங்குகிறது.

மேலடுக்கு முழுவதும் தீது என்று கொள்ளுதல் தவறு. திரையை இரண்டாகப் பகுத்து இரு செயலிகளை ஒரே சமயத்தில் பார்க்கும் வசதியைச் சாம்சங் தன் கருவிகளில் 2012-லேயே தந்தது. பொது ஆண்ட்ராய்டில் அவ்வசதி 2016-இல் வந்த 7.0 பதிப்பில்தான் இடம்பெற்றது. தனி முயற்சியால் விளைந்த நன்மை பின்னர்ப் பொதுவுடைமையாயிற்று என்பதற்கு இது தக்க உதாரணம்.

2. புதிய பதிப்பு நம் கைக்கு வரும் வழி

கூகுள் ஆண்டுதோறும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பை வெளியிடுகிறது. அது நேரே நம் கைப்பேசிக்கு வந்து விடுவதில்லை. பல கைகள் மாறியே வருகிறது.

முதலாவது, குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லுத் தயாரிப்பாளர்கள் தங்கள் சில்லு புதிய பதிப்புடன் இசைந்து இயங்குமாறு இயக்கு நிரல்களைத் திருத்தித் தர வேண்டும். இரண்டாவது, கைப்பேசித் தயாரிப்பாளர் தம் மேலடுக்கைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மாடலிலும் சோதனை நடத்த வேண்டும். கூகுள் விதித்துள்ள பொருத்தச் சோதனைகளிலும் தேற வேண்டும். சில நாடுகளில் தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் இசைவும் தேவைப்படுகிறது. இவையெல்லாம் முடிந்த பிறகே, ‘புதுப்பிப்பு வந்துள்ளது’ என்ற அறிவிப்பு நம் திரையில் தோன்றுகிறது.

இவற்றுள் இரண்டாவது படியே நமது ஆராய்ச்சிக்கு உரியது. ஜக்கார்டு பூட்டிய தறியில் நெய்வோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவின் இழை எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டத்தாளில் வடிவம் வரைந்து, அவ்வரைபடத்தின்படி அட்டைகள் அடிக்கப்படுகின்றன. பாவின் கணக்கு மாறிவிட்டால் பழைய அட்டைகள் பழுதற்றவையாயினும் பயன்படமாட்டா. வடிவத்தை மீண்டும் வரைந்து, அட்டைகளை மீண்டும் அடித்தாக வேண்டும். கரையில் மட்டும் சிறு வேலைப்பாடு இருந்தால் உழைப்பு குறைவு. உடல், முந்தி, கரை மூன்றிலும் பூவேலை நிறைந்திருந்தால் உழைப்பு பன்மடங்கு பெருகும். பொதுத் தளம் பாவு என்றால், மேலடுக்கு அதன்மேல் நெய்யப்படும் வடிவம். வடிவம் கனக்கக் கனக்க, பாவு மாறும்போதெல்லாம் செய்ய வேண்டிய மறுவேலையும் கனக்கிறது.

இம்மறுவேலை ஒரு மாடலுடன் முடிவதன்று. ஒரே நிறுவனம் பல விலைகளில், பல சில்லுகளுடன், பல நாடுகளுக்கென்று பற்பல மாடல்களை விற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பொறியாளர் உழைப்பும் சோதனைச் செலவும் வேண்டும். விற்றுத் தீர்ந்த கைப்பேசியினால் வரும் வருமானமோ மிகச் சொற்பம். புதிய கைப்பேசியை விற்பதிலேயே ஆதாயம் இருப்பதால், பழைய மாடல்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவதில் வியப்பில்லை.

அண்மை நிகழ்ச்சி ஒன்று மேலடுக்கின் கனத்துக்கும் காலதாமதத்துக்கும் உள்ள உறவைத் தெளிவுபடுத்தும். ஆண்ட்ராய்டு 15-இன் மூலநிரல் 2024 செப்டம்பரில் வெளிவந்தது. கூகுளின் சொந்த பிக்சல் கைப்பேசிகள் அக்டோபரிலேயே அதனைப் பெற்றன. சாம்சங்கோ அப்பதிப்பை ஒட்டித் தன் மேலடுக்கின் தோற்றத்தையே பெரிதும் மாற்றியமைத்து, ஒன் யு.ஐ. 7 என்று பெயரிட்டது. ஆதலால் முந்திய ஆண்டின் உயர்ந்த மாடலான கேலக்ஸி எஸ்24-க்குக்கூட அப்பதிப்பு 2025 ஏப்ரலில்தான் வந்தது. அடுத்த பதிப்பான ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூனில் வெளியாயிற்று. இம்முறை மேலடுக்கில் செய்யப்பட்ட மாறுதல் குறைவு. ஆகவே ஒன் யு.ஐ. 8 அவ்வாண்டு செப்டம்பரிலேயே கேலக்ஸி எஸ்25-ஐ அடைந்துவிட்டது. நிறுவனமும் ஒன்றே, பொறியாளரும் அவர்களே. வேலையின் அளவு மாறியபோது காலமும் மாறியது.

3. ஒரே வீட்டில் பிறந்த இரு கைப்பேசிகள்

காலதாமதம் பொறுக்கத்தக்கது. பதிப்பு உயர்வு அடியோடு மறுக்கப்பட்டதற்கும் உதாரணங்கள் உண்டு.

2010-ஆம் ஆண்டு நடுவில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி எஸ் என்ற கைப்பேசியை வெளியிட்டது. அதே நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் கூகுளுக்காக நெக்ஸஸ் எஸ் என்ற மற்றொன்றையும் செய்து கொடுத்தது. இரண்டிலும் 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரே இனச் சில்லு. இரண்டிலும் 512 மெகாபைட் நினைவகம். முக்கிய வேறுபாடு யாதெனில், முன்னதில் டச்விஸ் மேலடுக்கு இருந்தது. பின்னதில் மேலடுக்கே இல்லை.

2011 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 4.0 அறிவிக்கப்பட்டது. நெக்ஸஸ் எஸ் கைப்பேசிக்கு அப்பதிப்பு அவ்வாண்டு டிசம்பர் முதல் வழங்கப்படலாயிற்று. அதே டிசம்பரில், கேலக்ஸி எஸ் கைப்பேசிக்கு அது வழங்கப்படமாட்டாது என்று சாம்சங் அறிவித்தது. டச்விஸ் மேலடுக்கையும் சேவை நிறுவனங்களுக்குரிய மென்பொருள்களையும் புதிய பதிப்போடு சேர்த்து வைக்க நினைவகத்தில் இடம் போதாது என்பதே கூறப்பட்ட காரணம். இடம் போதாதது ஆண்ட்ராய்டுக்கு அன்று; ஆண்ட்ராய்டும் மேலடுக்கும் சேர்ந்த சுமைக்கே போதவில்லை. ஊதியம் எதிர்பாராத மென்பொருள் ஆர்வலர்கள் ஒன்றுகூடி நடத்திய ‘சயனோஜென்மாட்’ என்ற முயற்சியினால், மேலடுக்கு நீக்கிய ஆண்ட்ராய்டு 4.0 அதே கேலக்ஸி எஸ் கைப்பேசியில் 2012-இல் இயங்கியதே இதற்குச் சான்று.

இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011 ஜூனில், எச்.டி.சி. நிறுவனம் தனது ‘டிசையர்’ கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டு 2.3-ஐத் தர இயலாது என்று கூறிற்று. சென்ஸ் மேலடுக்கையும் புதிய பதிப்பையும் ஒருங்கே கொள்ள நினைவகம் போதாது என்பதே அங்கும் கூறப்பட்ட காரணம். வாங்கியோர் எழுப்பிய கூக்குரலினால் மறுநாளே அம்முடிவு மாற்றப்பட்டது; சில அம்சங்களைக் குறைத்த பதிப்பொன்று ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. டிசையரை உருவத்தாலும் உறுப்பாலும் பெரிதும் ஒத்த, அதே நிறுவனம் கூகுளுக்காகச் செய்த நெக்ஸஸ் ஒன், அவ்வாண்டு பிப்ரவரியிலேயே 2.3 பதிப்பைப் பெற்றிருந்தது.

பதிப்பு எண் ஒன்றிரண்டு குறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். பின்னால் நேர்ந்ததைப் பாருங்கள். கேலக்ஸி எஸ், நிறுவனத்தின் கையால் 2.3 பதிப்பைத் தாண்டவில்லை. நெக்ஸஸ் எஸ் 4.1 வரை உயர்ந்தது. வாட்ஸ்அப் செயலி 2.3 பதிப்புக்கான ஆதரவை 2020 பிப்ரவரி 1-இல் நிறுத்தியது, 4.1 பதிப்புக்கான ஆதரவை 2023 அக்டோபர் 24-இல் நிறுத்தியது. ஒத்த உறுப்புகளை உடைய இரு கருவிகளுக்குள் ஒரு செயலியின் ஆயுள் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வேறுபட்டது.

செயலி நின்றுபோவதினும் பெரிய அபாயம் பாதுகாப்பின்மையே. 2015-ஆம் ஆண்டு நடுவில், ஆண்ட்ராய்டு ஒலி ஒளிக் கோப்புகளைக் கையாளும் பகுதியில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ எனப்பட்ட குறை வெளிப்பட்டது. பல்லூடகக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியே ஒருவர் கைப்பேசிக்குள் அயலார் புக முடியும் என்பது தெரிந்ததும் உலகெங்கும் கவலை பரவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் கூகுளும் சாம்சங்கும் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதாக அறிவித்தன. இத்திருத்தங்களும் தயாரிப்பாளர் கை வழியாகவே பெரும்பாலும் வருகின்றன. அவர் ஒரு மாடலைக் கைவிட்ட பின் கண்டுபிடிக்கப்படும் குறைகள் அக்கைப்பேசியில் அடைபடாமலே நிற்கும். வங்கிக் கணக்கை அத்தகைய கருவியில் வைத்திருப்பது, தாழ்ப்பாள் பழுதான பெட்டியில் பணத்தை வைப்பதை ஒக்கும்.

4. மேலடுக்கு ஒன்றுதானா காரணம்?

மேலடுக்கு இல்லாவிடில் தொல்லையே இல்லை என்று முடிவு கட்டலாகாது. 2011 நவம்பரில் வெளிவந்த கேலக்ஸி நெக்ஸஸ் கூகுளின் சொந்தக் கைப்பேசி. அதில் மேலடுக்கு இல்லை. எனினும் 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 அதற்கு வழங்கப்படவில்லை. 18 மாத ஆதரவுக் காலம் கடந்துவிட்டது என்று கூகுள் கூறிற்று. அதன் சில்லைச் செய்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனமோ அதற்குள் கைப்பேசிச் சில்லுத் தொழிலினின்றும் விலகியிருந்தது. சில்லுச் செய்தவர் விலகினாலும், வாக்களித்த காலம் தீர்ந்தாலும் பதிப்பு உயர்வு நின்றுவிடும் என்பதை இதனால் அறிகிறோம்.

இதற்கு எதிரான நிலையை ஆப்பிள் நிறுவனத்தில் காணலாம். அங்குக் கருவி, சில்லின் வடிவமைப்பு, இயங்குதளம் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ், 2018-இல் வந்த ஐஓஎஸ் 12 பதிப்பையும் பெற்றது. பொறுப்பு பல கைகளில் பிரிந்திருப்பதே ஆண்ட்ராய்டின் சிக்கல். அக்கைகளுள் ஒன்று மேலடுக்கை நெய்யும் கை.

5. சீர்திருத்த முயற்சிகள்

இக்குறையைப் போக்கப் பல முயற்சிகள் நடந்துள்ளன. 2011 மே மாதத்தில் கூகுளும் பல தயாரிப்பாளர்களும் கூடி, புதிய கைப்பேசிகளுக்கு 18 மாத காலம் பதிப்பு உயர்வு தருவதாக அறிவித்தனர். அவ்வறிவிப்பு நடைமுறையில் நிலைக்கவில்லை.

2014 செப்டம்பரில் நம் நாட்டிலேயே ‘ஆண்ட்ராய்டு ஒன்’ திட்டம் தொடங்கப்பட்டது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று இந்திய நிறுவனங்கள் மேலடுக்கில்லாத கைப்பேசிகளை ஏறத்தாழ ₹6,400 முதல் விற்றன. புதுப்பிப்புகளை வழங்கும் பொறுப்பைக் கூகுள் ஏற்றது. குறைந்த விலைக் கருவிக்கும் புதிய பதிப்பு கிட்டும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும் மூவர் சரக்கும் ஒன்றுபோலவே இருந்தமையால், தம் சரக்குக்கெனத் தனிச் சிறப்பு கூற விற்பவருக்கு வழியில்லை. மேலடுக்கு தோன்றிய காரணமே இத்திட்டத்துக்குத் தடையாக நின்றது எனலாம்.

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 பதிப்பில் ‘டிரெபிள்’ என்னும் அமைப்பு புகுத்தப்பட்டது. சில்லுக்குரிய நிரல்களையும் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியையும் பிரித்து, இடையே மாறாத இணைப்பு முறை ஒன்றை இது வகுத்தது. அதனால் பதிப்பு மாறும்போதெல்லாம் சில்லுத் தயாரிப்பாளரை எதிர்பார்க்க வேண்டிய நிலை குறைந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த ‘மெயின்லைன்’ முறையால், தளத்தின் சில பகுதிகளைப் பிளே ஸ்டோர் வழியாகக் கூகுளே நேராகத் திருத்த முடிகிறது. எனினும் மேலடுக்கைத் திருத்தும் வேலை இன்றும் தயாரிப்பாளருடையதே. எஸ்24 கைப்பேசி 2025 ஏப்ரல் வரை காத்திருந்தது இவ்விரு சீர்திருத்தங்களுக்கும் பின்னரே என்பதை நினைவிற் கொள்க.

வாக்குறுதிகளின் அளவு மட்டும் பெரிதும் உயர்ந்துள்ளது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைப்பேசிக்கு 7 ஆண்டு ஆதரவு அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் அவ்வாறே கூறப்பட்டது. விலை குறைந்த கருவிக்கு ஆதரவும் குறைவாகவே இருக்கும் என்பதற்கில்லை. 2024-இன் பிற்பகுதியில் வந்த கேலக்ஸி ஏ16-க்கு 6 பதிப்பு உயர்வுகள் அறிவிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜூன் 20 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம்.

6. வாங்குவோர் கவனத்துக்கு

(அ) இம்மாடலுக்கு எத்தனை பதிப்பு உயர்வுகள், எத்தனை ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். கடைக்காரர் வாய்மொழியோடு அமையாமல், தயாரிப்பாளரின் அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

(ஆ) ஆதரவுக் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று, அம்மாடல் முதலில் வெளிவந்த நாளிலிருந்தே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. 4 ஆண்டு ஆதரவுள்ள மாடலை இரண்டாண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால், எஞ்சுவது இரண்டாண்டே. விலையை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும்.

(இ) கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் மூன்று விவரங்கள் உள்ளன: ஆண்ட்ராய்டு பதிப்பு, மேலடுக்கின் பதிப்பு, பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி. மேலடுக்கின் எண் உயர்ந்தும் ஆண்ட்ராய்டின் எண் உயராமல் இருப்பதுண்டு. தோற்றம் புதிதாயிற்று என்பதனால் அடித்தளமும் புதிதாயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றனுள் பாதுகாப்புத் தேதியே முதலிற் பார்க்கத்தக்கது.

(ஈ) பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கைப்பேசியைப் பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். வங்கி அலுவல்களை அதில் நடத்தாதிருப்பதே நலம்.

(உ) சங்கத்தின் அலுவலுக்கென்று பல கருவிகளைச் சேர்ந்து வாங்க நேர்ந்தால், ஆதரவுக் காலத்தையும் விலைப்புள்ளியில் எழுதித் தருமாறு கேட்பது பொருந்தும்.

முடிவு

மேலடுக்கு விற்பவரின் அடையாளம். அதனால் பயனும் உண்டு. ஆனால் அதனைப் புதிய பதிப்புக்கேற்ப மாற்றும் செலவு ஆண்டுதோறும் வருவது. அச்செலவை எத்தனை ஆண்டுகள் ஏற்பேன் என்று தயாரிப்பாளர் கூறும் எண்ணே கைப்பேசியின் மெய்யான ஆயுள். புடவையை வாங்குபவர் கரையின் பளபளப்பை மட்டும் பாராமல், இழையையும் சாயத்தையும் சோதிப்பது போல, கைப்பேசியை வாங்கும் அங்கத்தினரும் அவ்வெண்ணைக் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுப்பாராக.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. பொது இயங்குதளம் இருக்கத் தயாரிப்பாளர்கள் மேலடுக்கைச் சேர்ப்பதற்குக் காரணம் என்ன?

2. கேலக்ஸி எஸ், நெக்ஸஸ் எஸ் ஆகிய இரண்டின் வரலாற்றால் நாம் அறிவது யாது?

3. டிரெபிள் அமைப்பு எத்தடையை நீக்கிற்று? எத்தடையை நீக்கவில்லை?

4. உங்கள் கைப்பேசியின் பாதுகாப்புத் திருத்தத் தேதியைப் பார்த்துக் குறித்து வாருங்கள். ஓராண்டுக்கு முற்பட்ட தேதியுடைய கருவிகள் எத்தனை என்று வகுப்பில் கணக்கிட்டு, அவற்றில் நடைபெறும் வங்கி அலுவல்களை எவ்வாறு மாற்றி அமைக்கலாம் என்று கலந்து பேசுங்கள்.